ஏழு கிளாஸ் புல்லு டீ

என்னால் சும்மா இருக்க முடியாது. பெருமைக்குச் சொல்லவில்லை. டாக்டர் முன்னால் உட்கார்ந்து, சர்க்கரை இருக்கிறது, பிரஷர் இருக்கிறது என்று சொல்வார்களே, அந்த மாதிரி சொல்கிறேன். பஸ்ஸுக்கு நின்றால் பொறுமை இல்லாமல் அடுத்த ஸ்டாப்புக்கு நடப்பேன்; நடுவழியில் பஸ் என்னைத் தாண்டிப் போகும். சோறு வெந்ததா என்று மூடியைத் திறந்து திறந்து பார்த்தே அதை வேகவிடாமல் செய்வேன். சோம்பேறியாய் இருந்து கெட்டவர்களைப் பற்றித்தான் ஊர் பேசுகிறது. சுறுசுறுப்பாய் இருந்தே கெட்டவன் கரிக்கலாம்பாக்கத்தில் நான் ஒருத்தன்தான். (‘கரிக்கலாம்பாக்கத்துல மட்டுமா?’ என்று அம்மா கேட்கிறாள்.)

இந்தச் சுறுசுறுப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், முழுசாக ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, என் கல்யாணத்தையே கவிழ்த்துவிடப் பார்த்தது. அதற்குக் கூட்டு ஒரு புல்.

அப்போது எனக்கு வயது இருபத்தெட்டு. வீடுகளில் தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் இருக்கிறதே, அதற்கு ஃபில்டர் மாற்றுவது, ரிப்பேர் பார்ப்பது என் வேலை. வில்லியனூரிலிருந்து பாகூர் வரை பைக்கிலேயே திரிவேன். ஓரிடத்தில் உட்கார முடியாதவனுக்கு அமைந்த உத்தியோகம். அரியூர் பக்கம் ஒரு வீட்டில் வேலை முடித்ததும் அந்த வீட்டு அம்மா ஒரு டம்ளர் டீ கொடுத்தார். பால் இல்லை. மஞ்சளும் பச்சையுமாக ஒரு நிறம். எலுமிச்சை வாசம் மூக்கைத் தூக்கியது.

“எலுமிச்சம்புல் தம்பி. தோட்டத்துல தானா வளருது. கொசு வராது, ஜலதோஷம் வராது” என்றவர், தூரிலிருந்து வேரோடு இரண்டு தண்டுகளைப் பிரித்து ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார். “நட்டுட்டு மறந்துடுங்க.”

நடுவது எனக்கு வரும். மறப்பதுதான் வராது. வீட்டுக்கு வந்து பின்பக்கம் ஒரு தண்டை நட்டேன். மறுநாள் காலையில் வேர் பிடித்ததா என்று பிடுங்கிப் பார்த்தேன். பிடிக்கவில்லை. திரும்ப நட்டேன். அதற்கடுத்த நாளும் பிடுங்கிப் பார்த்தேன். எட்டு நாள் இப்படி நடந்தது. ஒன்பதாம் நாள் அது என் கையிலேயே காய்ந்து உயிரை விட்டது. இன்னொரு தண்டு எங்கே என்று தேடினேன், காணோம். அம்மா குப்பையில் போட்டிருப்பாள் என்று விட்டுவிட்டேன்.

அம்மா குப்பையில் போடவில்லை. குளியலறைத் தண்ணீர் ஓடுகிற இடத்தில், மதில் ஓரமாக, என் கண்ணில் படாமல் குத்தி வைத்திருந்தாள். மூன்று நான்கு மாதம் கழித்து ஒருநாள் துண்டு காயப்போடப் போனால் இடுப்பளவுக்கு ஒரு புதர் நிற்கிறது! இலையை முறித்து முகர்ந்தேன். அதே வாசம்.

“ஏம்மா, எங்கிட்ட சொல்லவே இல்லியே?”

“சொன்னா அதையும் புடுங்கிப் பாத்திருப்ப.”

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. ரசத்தில் புல். குளிக்கிற வெந்நீரில் புல். இட்லிப் பானைத் தண்ணீரில் புல். ஒரு ஞாயிறு மீன் குழம்பிலும் போட்டேன். அன்றைக்கு நாங்கள் மோர் ஊற்றிச் சாப்பிட்டோம். அப்பாவின் தலையணைக்குள் காய்ந்த இலையைத் திணித்தேன், கொசு வராது என்று. கொசு வந்தது, அப்பாவுக்குத்தான் தூக்கம் வரவில்லை. அவர் அதிகம் பேசாத மனுஷர். ஒருநாள் மட்டும் வாயைத் திறந்தார்: “மாடு கூட மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிகினு போவுதுடா. அதுக்குத் தெரியுது, உனக்குத் தெரியல.”

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் உறுவையாற்றில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெயர் சங்கீதா. ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீசியன். தனியாகப் பேசுங்கள் என்று எங்கள் இரண்டு பேரையும் மாட்டுக் கொட்டகைப் பக்கம் விட்டார்கள். நான் நின்றபடியே என் வேலை, பைக், ஃபில்டர், புல் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “எப்பவுமே இப்படித்தானா, இல்ல இன்னிக்குத்தானா?” கேட்டுவிட்டுச் சிரித்தாள். அவ்வளவுதான், நான் காலி. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், கட்டினால் இவளைத்தான் கட்டுவேன் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பக்கமும் பெண்ணுக்குச் சம்மதம் என்று தகவல் வந்தது. பாக்கி இருந்தது வீடு பார்க்கிற சடங்கு.

எங்கள் பக்கத்தில் இது ஒரு பெரிய பரீட்சை. பெண் வீட்டார் ஒற்றைப்படையில் ஆள் சேர்த்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வருவார்கள். சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள், கிணறு இருந்தால் எட்டிப் பார்ப்பார்கள், மாமியாரை ஏற இறங்கப் பார்ப்பார்கள். பிடித்திருந்தால் கொடுக்கிற காபியையோ டீயையோ குடிப்பார்கள். அதற்குக் கை நனைப்பது என்று பேர். கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்த மாதிரி. பிடிக்கவில்லை என்றால் வாயால் சொல்ல மாட்டார்கள். ‘இப்பதான் குடிச்சுட்டு வந்தோம்’ என்று எழுந்து போய்விடுவார்கள். ஆக, என் வாழ்க்கை முழுக்க ஒரு டம்ளர் டீயில் இருந்தது.

அதிலும் முக்கியமான டம்ளர் தண்டபாணி ஐயாவுடையது. சங்கீதாவின் பெரியப்பா. அவளுடைய அப்பா அண்ணனைக் கேட்காமல் சட்டைக்கு நிறம்கூட எடுக்க மாட்டார். தண்டபாணி ஐயா குடித்தால் எல்லோரும் குடிப்பார்கள், வைத்தால் எல்லோரும் வைப்பார்கள். அவருடைய மனைவி இறந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. இதுவும் எங்களுக்குத் தெரியும்.

ஞாயிறு காலை. ஒத்தாசைக்கு வருகிறேன் என்ற அத்தைக்குப் பஸ் கிடைக்கவில்லை. அம்மா ஒருத்தியே வீட்டைக் கழுவி, கோலம் போட்டு, இரண்டு லிட்டர் பாலை அடுப்பில் வைத்தாள். வேன் பத்து மணிக்கு வர வேண்டியது, ஒன்பதரைக்கே வந்துவிட்டது. அப்பா வாசலுக்கு ஓடினார். அம்மா புடவையைச் சரிசெய்துகொண்டே என்னைப் பிடித்து அடுப்பு முன்னால் நிறுத்தினாள்.

“பாலு பொங்குதான்னு பாத்துகினு இரு. பொங்கினா அடுப்ப அணை. நான் வந்து டீத்தூள் போடறன். நீ பாத்துகினு மட்டும் இரு. புரிதா? மட்டும்!”

“சரிம்மா.”

“எதயும் தொடாத.”

“சரின்னு சொல்றன் இல்ல, போம்மா!”

போனாள். நான் பாலைப் பார்த்தேன். ஒரு நிமிஷம் பார்த்தேன். ஹாலில் நாற்காலி இழுபடும் சத்தம், விசாரிப்பு, சிரிப்பு எல்லாம் கேட்டது. வெறும் பால். வெறும் டீ. எல்லா வீட்டிலும் கொடுக்கிற அதே டீ. இந்த வீட்டு மாப்பிள்ளையிடம் என்ன விசேஷம் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? மாட்டுக் கொட்டகையில் சங்கீதாவிடம் புல்லைப் பற்றி அவ்வளவு சொல்லியிருக்கிறேன், அவள் வீட்டில் கேட்க மாட்டாளா, குடித்தீர்களா என்று?

கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். பத்து இலை. சுருட்டிப் பாலில் போட்டேன். வாசம் வரும் என்று காத்திருந்தேன். (காத்திருந்தேன் என்றால் என் கணக்கில். அரை நிமிஷம் இருக்கும்.) வரவில்லை. அலமாரியில் எலுமிச்சம்பழம் ஒன்று உருண்டுகொண்டிருந்தது. புல் தருவதும் அந்த வாசம்தானே, ஒரு மூடி பிழிந்தால் சீக்கிரம் ஏறும் இல்லையா என்று தோன்றியது. எட்டாம் வகுப்பு சயின்ஸ் வாத்தியார் அந்த நேரத்தில் எங்கே போய்த் தொலைந்தார் என்று தெரியவில்லை. பிழிந்துவிட்டேன்.

இரண்டு லிட்டர் பால். கண் முன்னாலேயே திரிந்து, கட்டி கட்டியாகப் பிரிந்து, நடுவில் புல் மிதந்தது. பாயசமும் இல்லை, பனீரும் இல்லை.

கடைக்குப் போகலாம் என்றால் ஹாலைத் தாண்டித்தான் போக வேண்டும். ஹாலில் ஏழு பேர். பின்பக்க மதிலை ஏறிக் குதிக்கலாம். கட்டியிருந்ததோ வெள்ளை வேட்டி. அம்மாவைக் கூப்பிடலாம். அதுதான் சரியான வழி. ஒரு சாதாரண மனுஷன் அதைத்தான் செய்திருப்பான். நான் என்ன செய்தேன்? திரிந்த பாலை அப்படியே பக்கெட்டில் ஊற்றி, மேலே ஒரு முறத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வேறு பாத்திரத்தில் வெந்நீர் வைத்தேன். பால் எதற்கு? அரியூர் அம்மா பாலா ஊற்றினார்?

புல் டீ கொதித்தது. இப்போது வாசம் கும்மென்று வந்தது. சர்க்கரை போட்டேன். விசேஷத்துக்கென்று வாங்கி வைத்திருந்த ஏழு கண்ணாடி கிளாஸ்களில் வடிகட்டினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வெறும் மஞ்சள் தண்ணீர் மாதிரி இருக்கிறதே! அப்போதுதான் ஒரு வீடியோ ஞாபகம் வந்தது. ஏதோ பெரிய ஹோட்டலில் இலையை இரண்டு சுற்றுச் சுற்றி, முனையை உள்ளே விட்டு முடிந்து, கிளாஸுக்குள் ஒரு வளையமாக மிதக்க விட்டிருந்தார்கள். பார்க்க அவ்வளவு அழகு. கிளாஸுக்கு ஒன்றாக ஏழு பச்சை வளையம் முடிந்தேன். போட்டேன். தட்டைத் தூக்கிக்கொண்டு நானே ஹாலுக்கு நடந்தேன்.

முதல் பத்து விநாடி எனக்குத்தான். பெண்தான் தட்டோடு வந்து நிற்பாள், இங்கே மாப்பிள்ளை வந்து நிற்கிறான். சங்கீதாவின் சித்தி கையைத் தட்டிச் சிரித்தாள். “பாருடி, வூட்டு வேலை எல்லாம் செய்யும் போலக்குது! நம்ம பொண்ணு குடுத்து வெச்சவ.” எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவள் கண் தட்டில் இருந்த கிளாஸ்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போனது.

சித்தி கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். “இன்னா மாப்ள, பாலு கெடைக்கலியா?”

“பாலே வேணாங்க. நாமதான் தெரியாம குடிச்சிகினு இருக்கோம். மனுஷனுக்கு மாட்டுப் பால் ஆவவே ஆவாது. எல்லா வியாதியும் அதுலதான் வருது.”

சங்கீதா வீட்டில் மூன்று கறவை மாடு. அவளுடைய அப்பா இருபது வருஷமாகச் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவர். கொட்டகையில் நின்று பேசிவிட்டு வந்தவன் நான், அது எனக்குத் தெரியாதா? தெரியும். வாய்தான் எனக்கு முன்னால் ஓடிவிட்டது. அவர் தன் கிளாஸைப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார். எல்லோரும் அண்ணனைத்தான் பார்த்தார்கள்.

தண்டபாணி ஐயா கிளாஸுக்குள் இரண்டு விரலை விட்டு அந்த வளையத்தை வெளியே எடுத்தார். சொட்டச் சொட்ட அதை உயர்த்திப் பிடித்தார்.

அப்போதுதான், அவர் விரலில் அது தொங்குவதைப் பார்த்தபோதுதான், எனக்கே அது தெரிந்தது. கருமாதிக்குக் கொள்ளி வைத்தவர் விரலில் புல்லை முடிந்து மாட்டுவார்களே, தர்ப்பை மோதிரம். அதே அளவு. அதே முடிச்சு. பாலில்லாத டீயை எங்கே கொடுப்பார்கள் என்பதும் அப்போதுதான் உறைத்தது. சாவு வீட்டில்தான், வந்து போகிறவர்களுக்குப் பால் இல்லாமல் கலக்கி ஊற்றுவார்கள். நான் பெண் வீட்டார் ஏழு பேரை உட்கார வைத்து ஆளுக்கு ஒரு கருமாதி மோதிரத்தைச் சாவு வீட்டு டீயில் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

“ஏழு மாசம் ஆவுது” என்றார் அவர், என்னிடம் இல்லை, மோதிரத்திடம். “திருக்காஞ்சி ஆத்தங்கரையில இத மாட்டிகினு குந்தினு இருந்தன்.”

இந்த இடத்திலாவது நான் வாயை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை.

“ஐயா, இது அந்தப் புல்லு இல்லீங்க! அது வேற, இது வேற. இதக் குடிச்சா ஆயுசு கெட்டிங்க!”

மனைவியைப் பறிகொடுத்த மனுஷரிடம் ஆயுசைப் பற்றிப் பேசுகிறேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

“நம்பிக்கை இல்லன்னா பாருங்க, செடியையே காட்டறன்!” என்று பின்பக்கம் ஓடினேன். கத்தரிக்கோல் எங்கே என்று தேட நேரம் இல்லை. புதரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். எலுமிச்சம்புல்லின் ஓரம் பிளேடு மாதிரி இருக்கும் என்று வளர்த்தவனுக்குத் தெரியும். அவசரத்தில் இருக்கிறவனுக்குத் தெரியாது. ஒரு கட்டுப் புல்லோடு திரும்பி ஹாலில் வந்து நின்றபோது இரண்டு உள்ளங்கையிலிருந்தும் ரத்தம் வேட்டியில் சொட்டிக்கொண்டிருந்தது.

“ஐயோ, ரத்தம்!” என்றாள் சித்தி.

தண்டபாணி ஐயா எழுந்துவிட்டார். வளையத்தைக் கிளாஸில் திரும்பப் போட்டார், கிளாஸை மெதுவாகத் தட்டில் வைத்தார், யார் முகத்தையும் பார்க்காமல் வாசலுக்கு நடந்தார். மற்ற ஆறு பேரும் எழுந்தார்கள். ஆறு கிளாஸ் வரிசையாகத் தட்டுக்கு வந்தன. “இப்பதான் குடிச்சுட்டு வந்தோம்” என்றார் சங்கீதாவின் அப்பா. வேன் கிளம்பிப் போனது.

அம்மா சமையலறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

“பாலு எங்கடா?”

“பக்கெட்டுல.”

அம்மா திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. தலையில் கையை வைத்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள். “உன்ன பாத்துகினு மட்டும் இருன்னு சொன்னன் இல்லடா” என்றாள், அவ்வளவுதான். அப்பா என் கையை இழுத்து மஞ்சள் வைத்துக் கட்டினார்.

இரண்டு நாள் ஒரு தகவலும் இல்லை. அந்த இரண்டு நாளை நான் எப்படிச் சொல்வது? சாப்பிட உட்கார்ந்தால் எழுந்துவிடுவேன். படுத்தால் எழுந்துவிடுவேன். போன் அடித்தால் விழுந்தடித்து ஓடுவேன், யாராவது தண்ணி மெஷின் ஒழுகுகிறது என்பார்கள். கட்டுப் போட்ட கையோடு பாகூரில் ஒரு வீட்டுக்குப் போய், நல்லா ஓடிக்கொண்டிருந்த மெஷினைக் கழற்றி மாட்டினேன். எனக்கு வேறு பெண் கிடைக்கும் என்று அம்மா சொன்னாள். எனக்கு வேறு பெண் வேண்டாம். அந்தச் சிரிப்பு வேண்டும். அதை இப்போது சொல்லவும் எனக்கு வெட்கமில்லை.

மூன்றாம் நாள் கோபம் புல் மேல் திரும்பியது. மண்வெட்டியை எடுத்து மொத்தத் தூரையும் வேரோடு தோண்டி ஒரு சாக்கில் திணித்தேன். எங்கேயாவது கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வருகிறேன் என்று பைக்கில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். எங்கே கொட்டுவது என்று யோசிக்கவில்லை. யோசிக்காமல் ஓட்டினால் வண்டி எங்கே போகும்? உறுவையாற்றுக்குத்தான் போனது.

தண்டபாணி ஐயா தம்பி வீட்டுக்கு எதிர் வீட்டில் தனியாக இருந்தார். மகன் வெளிநாட்டில். மத்தியானம் மூன்று மணி இருக்கும். சமையலறை வாசலில் குந்தி, காலையில் தின்ற தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார். நான் சொல்லி மனப்பாடம் செய்து வைத்திருந்த மன்னிப்பு எல்லாம் பறந்துவிட்டது.

“வாப்பா. மூட்டையில இன்னா?”

பொய் சொல்ல வரவில்லை. “அந்தப் புல்லுதாங்க.”

அவர் என்னைப் பார்த்தார். சாக்கைப் பார்த்தார். சாக்கு வாயில் பச்சை இலை எட்டிப் பார்த்தது. அவர் தோள் முதலில் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து நான் இரண்டடி முன்னால் போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். தட்டைக் கீழே வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “ஏழு பேருக்கு ஏழு மோதிரம்! சித்திக்காரிக்கும் ஒண்ணு! அடப்பாவி, பொம்பளைங்களுக்கு மோதிரம் போடற வழக்கமே இல்லியேடா!”

எனக்கு அழுகை வந்துவிட்டது. “தெரியாம பண்ணிட்டன் ஐயா. உங்க மனச நோவடிக்கணும்னு இல்ல.”

சிரிப்பு மெல்ல அடங்கியது. அவர் என் கைக்கட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “நான் சகுனம் பாத்து எழுந்திருக்கல தம்பி. அதக் கையில எடுத்ததும் அவ ஞாபகம் வந்துடுச்சு. அழுகை முட்டிகினு வந்துடுச்சு. நல்ல காரியத்துக்கு வந்த வூட்ல குந்தி அழக்கூடாதேன்னு எழுந்தன். நான் எழுந்ததப் பாத்துட்டு இதுங்க எல்லாம் எழுந்துடுச்சுங்க. வேன்ல வந்தும் என்னால ஒண்ணும் பேச முடியல. நான் பேசாததால எம் தம்பி வேணாம்னு முடிவு பண்ணிட்டான்.”

நான் கட்டுப் போட்ட கையால் கண்ணைத் துடைத்தேன்.

“சரி, அந்தக் கண்றாவிய எப்படித்தான் போடறது? போட்டுக் காட்டு.”

அவர் அடுப்பில், அவர் பாத்திரத்தில், சாக்கிலிருந்து நான்கு இலை எடுத்துக் கழுவிப் போட்டேன். முடிச்சுப் போடவில்லை. இரண்டு டம்ளரில் ஊற்றினோம். அவர் ஊதி ஊதி முழுசாகக் குடித்தார். டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார். பிறகு போனை எடுத்து எதிர் வீட்டுக்கே போன் போட்டார்.

“டேய் தம்பி, கரிக்கலாம்பாக்கத்துப் புள்ள வந்திருக்குது. நான் கை நனைச்சுட்டன்.”

சாயங்காலம் தெரியாத நம்பரிலிருந்து எனக்கு அழைப்பு. “நான் சங்கீதா பேசறன். ஏழு மாசமா சிரிக்காத மனுஷன் எங்க பெரியப்பா. இன்னிக்குத் தெருவெல்லாம் கூப்பிட்டுச் சொல்லிச் சிரிச்சுகினு இருக்காரு. இன்னா பண்ணீங்க?” அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. நிறைய பேசியிருப்பேன்.

கல்யாண மேடையில் ஐயர் என் விரலில் தர்ப்பையை மாட்டும்போது கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது: “மாப்ள, பத்திரம்! டீயில போட்டுறாதீங்க!” வேறு யார்? தண்டபாணி ஐயாதான். மண்டபமே சிரித்தது. நாதஸ்வரக்காரர்கூடச் சிரித்து வாசிப்பை விட்டுவிட்டார்.

இதோடு கதை முடிந்திருந்தால் நான் தப்பித்தேன். முடியவில்லை. தண்டபாணி ஐயா, அதாவது என் பெரிய மாமா, அந்தச் சாக்குத் தூரைப் பிரித்துத் தன் வீட்டுப் பின்பக்கம் வரிசையாக நட்டுவிட்டார். என்னைப் போல் பிடுங்கிப் பார்க்கிற ஆள் இல்லை அவர். ஒரே மழைக்காலத்தில் அது வேலி மாதிரி எழுந்து நின்றது. பிறகு நாங்கள் உறுவையாற்றுக்குப் போகும்போதெல்லாம், “மாப்ளைக்குப் பால் டீ ஆவாது” என்று சொல்லி, தானே அடுப்பு மூட்டி, இரண்டு கிளாஸ் புல்லு டீயோடு வந்து என் எதிரில் உட்காருவார். மாட்டுப் பால் மனுஷனுக்கு ஆகாது என்று ஊரறியச் சொன்னவன் நான். எப்படி மறுப்பது?

ஓர் உண்மையை ஒத்துக்கொள்கிறேன். எனக்கு அந்த டீ பிடிக்காது. என்றைக்குமே பிடித்ததில்லை. அதை வளர்ப்பது பிடிக்கும், அதைப் பற்றிப் பேசுவது பிடிக்கும், மற்றவர்களுக்கு ஊற்றிக் கொடுப்பது ரொம்பப் பிடிக்கும். நான் குடிக்க எனக்கு வேண்டியது நல்லா கெட்டியான பால் டீ. உறுவையாற்றிலிருந்து திரும்பும்போது வழியில் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தி, அதைக் குடித்த பிறகுதான் எனக்கு உயிர் வரும். எட்டு வருஷம் இப்படி ஓடியது.

போன வருஷம் அவர் வீட்டுப் பின்பக்கம் வாய்க்கால் தோண்ட வந்த பொக்லைன் புல் வேலியை மொத்தமாக வாரிக்கொண்டு போய்விட்டது. அந்த வாரம் நாங்கள் போனபோது புல் இல்லை. சங்கீதா எதிர் வீட்டிலிருந்து கறந்த பால் வாங்கி வந்து, இஞ்சி தட்டிப் போட்டு, எங்கள் இரண்டு பேருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள். பெரிய மாமா முதல் வாய் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். நானும் குடித்தேன். நானும் மூடிக்கொண்டேன். இரண்டு பேரும் மூச்சு விடாமல் முழுசாகக் குடித்து, ஒரே நேரத்தில் டம்ளரை நீட்டி, “இன்னும் கொஞ்சம்” என்றோம்.

சங்கீதா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். லேப்பில் ரத்தத்தைச் சோதிக்கிறவள், இதைக் கண்டுபிடிக்க மாட்டாளா?

“பெரியப்பா, உண்மையச் சொல்லு. உனக்கு அந்தப் புல்லு டீ புடிக்குமா?”

அவர் தரையைப் பார்த்தார். “மாப்ளைக்குப் புடிக்குமேன்னு...”

“ஏங்க, உங்களுக்கு?”

“பெரிய மாமா ஆசையா போடறாரேன்னு...”

“எட்டு வருஷமாவா?” என்று கத்தியவள் சிரிப்பை அடக்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பத்து நிமிஷத்தில் கரிக்கலாம்பாக்கம் வரை போனில் செய்தி போய்ச் சேர்ந்தது. எங்கள் அப்பா, மாட்டுக்கு அப்பவே தெரியும் என்று சொன்னாராம்.

இப்போது எங்கள் இரண்டு குடும்பத்திலும் அது ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. யாராவது பிடிக்காத ஒன்றை இன்னொருத்தருக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தால், ‘புல்லு டீ குடிக்கிறாங்க’ என்பார்கள். அம்மாவுக்கும் சங்கீதாவுக்கும் பிடிக்காத சீரியலை இருவரும் சேர்ந்து பார்த்தால் புல்லு டீ. கல்யாண வீட்டில் ஒரு மாமா பாடினால், கேட்கிறவர்கள் புல்லு டீ.

போன வாரம், அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, வாய் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன். “சங்கீதா, என்னக் கட்டிகினதுல உனக்கு எதுவும் புல்லு டீ இல்லியே?”

ஒரு சட்டையை மடித்து முடித்தாள். இன்னொன்றை எடுத்தாள்.

“மொதல் ரெண்டு வருஷம் புல்லு டீதான்.”

“அப்புறம்?”

“அப்புறம் இன்னா? பாலு ஊத்தி, இஞ்சி தட்டிப் போட்டு நானே சரி பண்ணிகினன்” என்று சொல்லிவிட்டுத் துணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.